கறை படியாத காலர்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே எங்கள் மகள் வாலுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, பேச்சில் பாதி விசிலாக வருகிறது. அதையே பெருமையாக எல்லோருக்கும் அடித்துக் காட்டுகிறாள்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நமக்குள் இரண்டாவது வாக்கியத்திலேயே முட்டிக்கொள்கிறது. மூன்றாவது வாக்கியத்தில் நீங்கள் போனை அண்ணனிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவர் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறார். கடிதம் என்றால் கடைசிவரை நான் பேசலாம். படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

விஷயம் என் வீட்டுக்காரரை, அதாவது உங்கள் தம்பியைப் பற்றியது. பயப்படாதீர்கள், நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார். போன மாதம் கண்ணாடி போடப் போனோம். பேப்பரைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் வயசு வந்துவிட்டது, ஒத்துக்கொள்ளத்தான் அவருக்கு மனசில்லை. கண் டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்து அறையிலிருந்து இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். கருவிழி மேல் சுழல் சுழலாகக் கோடு இருக்கிறதாம். பார்வைக்கு அதனால் கெடுதல் இல்லையாம். அவர் கேட்ட கேள்வியோ கண்ணுக்குச் சம்பந்தமே இல்லாதது.

"உங்களுக்கு வேர்க்குமா?"

உங்கள் தம்பி சிரித்துவிட்டார். "நான் வேலை பாக்குறது குளிர்பதனக் கிடங்குல டாக்டர். அங்க எவனுக்கும் வேர்க்காது."

"வெயில்ல போனா?"

"வெயில்ல நான் ஏன் போறேன்?"

"கை கால் எரியுமா?"

"அது எல்லாருக்கும் எரியறதுதானே!"

அண்ணி, எல்லோருக்கும் எரியாது. கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கடியில் ஆளுக்கொரு தண்ணீர் வாளி இருந்ததைப் பார்த்து நான் முழித்தேன். அத்தை காலை வாளியில் வைத்துக்கொண்டு பரிமாறச் சொல்வார். இவரும் அப்படித்தான். நீங்கள் வந்தால் உங்களுக்கும் ஒன்று. குடும்ப வழக்கம் போலிருக்கிறது என்று நானும் காலை விட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். அது வழக்கம் இல்லை, வலி. உங்கள் வீட்டில் யாரும் அதை வலி என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கண் டாக்டர் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார், அவர் ரத்தம் எடுத்தார். ஃபேப்ரி என்று பெயராம். அபூர்வமான நோய், பிறவியிலேயே வருவது. உடம்பில் ஒரு வகைக் கொழுப்பைக் கரைக்கும் நொதி இவருக்குச் சுரக்கவில்லை. கரையாத கொழுப்பு இத்தனை வருஷமாக எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறது. சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது.

இது தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரலாம். தம்பிக்கு வந்தது அக்காவுக்கும் இருக்கலாம். அக்காவுக்கு இருந்தால் அவர் பெற்றதற்கும் இருக்கலாம். நம் துரை வெயிலில் இறங்க மாட்டான் என்றுதானே அவனுக்கு அந்தப் பெயரே வைத்தீர்கள்? போன முறை வந்தபோது உங்கள் சலவைக் கடையின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தான். எனக்கு அது கண்ணைவிட்டுப் போகவில்லை. அவனுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, உங்களுக்கு ஒன்று. இவ்வளவுதான் நான் கேட்பது.

அண்ணனுக்கு என் வணக்கம். துரைக்கு அத்தையின் அன்பு.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 21

தம்பி மனைவிக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது அதன் இடத்தில்தான் இருக்கிறது.

படித்து முடித்துவிட்டுத் திட்டச் சொல்லியிருக்கிறாய். முடித்துவிட்டேன். என் தம்பி ராஜா மாதிரி இருந்தவன். உன்னிடம் வந்து பதினோரு வருஷத்தில் அவன் சிறுநீரகம் கெட்டால், அதற்கும் எங்கள் அம்மாதான் காரணமா? நல்ல நியாயம்! நீ அந்த வீட்டில் காலெடுத்து வைத்த எட்டாம் மாதம் அம்மா நின்றபடியே விழுந்து போய்ச் சேர்ந்தாள். நல்லா இருந்த மனுஷி. அதைப் பற்றி நான் வாய் திறக்கிறேனா? இத்தனை வருஷம் திறந்திருக்கிறேனா? இப்போது நீ திறக்க வைக்கிறாய்.

வேலை முடிந்து வந்தால் காலைத் தண்ணீரில் வைப்பது ஒரு குற்றமா? உனக்கு நாள் முழுக்க ஸ்கூல் வேனில் உட்கார்ந்து ஓட்டுகிற உத்தியோகம். நின்று பாடுபடுகிறவர்களுக்குக் கால் எரியத்தான் எரியும்.

துரையின் நோய்க்குப் பெயர் எனக்குத் தெரியும். சோம்பேறித்தனம். கடைக்காரர் (என் வீட்டுக்காரரை நான் இப்படித்தான் சொல்வேன், உனக்குத் தெரியும்) முப்பது வருஷமாக ஊரார் சட்டையைத் துவைத்துத் தேய்க்கிறவர். காலரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். இவன் மூட்டை தூக்குகிறவன், இவன் நாற்காலியைத் தேய்க்கிறவன், இவன் மாமனாருக்குப் பயப்படுகிறவன் என்று அவர் சொல்லச் சொல்லச் சிரிப்பாக இருக்கும். பெற்ற பிள்ளையின் சட்டையைப் பார்த்து அவர் சிரிப்பதில்லை. "வாரம் முழுக்கப் போட்ட சட்டை. காலர்ல ஒரு கறை இருக்கா பாரு! உழைச்சாத்தானே வேர்க்கும்? புதுச் சட்டையாவே கடைக்குத் திருப்பிக் குடுத்துடலாம்" என்று என் மூஞ்சியில் வீசுகிறார். இருபத்து மூன்று வயசுப் பிள்ளை. எனக்கு மானம் போகிறது. இதில் நீ வேறு அவனுக்குப் பரம்பரை வியாதி என்று பட்டம் கட்டு. நாளைக்கு எவன் பெண் கொடுப்பான்?

உனக்கென்ன, நீ வெளியிலிருந்து வந்தவள். எங்கள் ரத்தத்தில் குறை என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொள்ளலாம். உன் உடம்பில் ஒட்டவா போகிறது?

தம்பியை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல். வாலு எப்படி இருக்கிறாள்? என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டாதே.

அவன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லோரும் இருக்கிறீர்கள் என்று தெரிந்து சந்தோஷம்.

நான் எழுதிய விதம் உங்களைப் புண்படுத்தியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதிய விஷயத்துக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன்.

நீங்கள் காலரைப் பற்றி எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் தம்பிக்கும் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்த் தன் பீரோவைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றிலும் கறை இல்லை. பதினோரு வருஷமாகத் துவைக்கிறேன், "என் கைராசி" என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி, வேர்க்காததும் இந்த நோய்தான். கால் எரிவதும், வெயில் தாங்காததும் இதே நோய்தான். கண் டாக்டர் எடுத்த எடுப்பில் கேட்டதே அதைத்தானே!

டாக்டர் சொன்னதை உங்கள் கடை பாஷையிலேயே சொல்கிறேன். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் சின்னச் சின்னப் பைகள் இருக்கின்றன. கழிவைக் கரைத்து வெளியே தள்ளுகிற வேலை அவற்றுக்கு. அழுக்குத் துணி வந்துகொண்டே இருக்கிறது, சோப்பு மட்டும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச வருஷம் ஒன்றும் தெரியாது. மூட்டை மேல் மூட்டையாக ஏறி, ஒருநாள் கடைக் கதவையே திறக்க முடியாது. சிறுநீரகத்தில், இதயத்தில், மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில், எங்கே கதவு அடைக்கிறதோ அங்கே வினை.

இல்லாத அந்த நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். இவருக்கு மருத்துவமனையில் ஏற்பாடு செய்கிறார்கள், அடுத்த மாதம் தொடங்கும். ஆனால் கெட்டதைத் திருப்பித் தர அந்த மருந்தால் முடியாது. இனிமேல் கெடுவதைத்தான் நிறுத்திப் பிடிக்கும். உங்கள் தம்பிக்கு இருபத்து மூன்று வயசில் யாராவது சொல்லியிருந்தால் இன்று அவருக்கு முழுச் சிறுநீரகம் இருந்திருக்கும். துரைக்கு இப்போது அதே வயசு. நான் அவசரப்படுவது இதனால்தான்.

டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அங்கே எந்தப் பெரிய மருத்துவமனையில் காட்டினாலும் புரிந்துகொள்வார்களாம்.

வாலுவைக் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறாள்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பதில் வரவில்லை. தபால் தொலைந்ததா, நான்தான் தொலைந்தேனா தெரியவில்லை.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அங்கே இன்னும் அதிகமாக இருக்கும். உங்கள் தம்பிக்கு முதல் முறை மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரம் குளிர் வந்து நடுங்கினார், பிறகு சரியாகி நர்ஸிடம் கிடங்குக் கதை எல்லாம் சொல்லி அறுத்துவிட்டார். "அக்காகிட்டேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று தினமும் கேட்கிறார். நான் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று அவரையே எழுதச் சொன்னேன். "அக்காவுக்கு எழுதற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்ல" என்கிறார். உங்கள் வளர்ப்பு அப்படி.

பரிசோதனைக்குப் போக யோசனையாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளி விடுமுறையில் நானே வந்து கூட்டிப்போகிறேன். வாலு சுகம்.

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 24

தம்பி மனைவிக்கு,

எல்லோரும் சௌக்கியம். தம்பிக்கு நடுக்கம் நின்றதா? மருந்து ஏற்றும் நாளில் அவனுக்குக் கம்பளி கொடு, சின்ன வயசிலிருந்தே போர்வையை உதைத்துத் தள்ளுகிறவன், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே தலைக்கு மேல் வேலை. இரண்டு ஓட்டல்காரர்களின் படுக்கை விரிப்பு முழுக்க நம் கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் புதிதாக ஒரு நீராவி இஸ்திரி மெஷின் இறக்கியிருக்கிறார். மேல் பலகையை இழுத்து அமுக்கினால் புஸ்ஸென்று ஒரு மூச்சு, விரிப்பு கண்ணாடி மாதிரி வருகிறது. அறை முழுக்க ஆவி, எதிரில் நிற்கிறவன் முகம் தெரியாது. பக்கத்து மருந்துக் கடைக்காரி பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. எங்கள் தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போய்விட்டார்கள், கடைக்காரர் அதில் விழுந்து சிரித்துக்கொண்டே எழுந்தார்.

துரையை இந்த மாதம் முதல் மெஷினில் நிற்க வைத்திருக்கிறார். "இதுல நில்லு, இல்ல வேற வீடு பாரு" என்று சொல்லிவிட்டார். நிற்கிறான். நல்லதுதான்.

வாலுவுக்குப் பல் முளைத்ததா?

அவன் அக்கா

பின்குறிப்பு: வேர்க்காத ஆளுக்கு உடம்புச் சூடு எங்கே போகும்? சும்மா கேட்கிறேன்.


ஏப்ரல் 28

அண்ணி,

சும்மா கேட்கிறவர்கள் பின்குறிப்பில் கேட்க மாட்டார்கள்.

எங்கேயும் போகாது. உள்ளேயே நிற்கும். கடிதம் கைக்கு வந்ததும் போன் செய்தேன், மூன்று முறையும் நீங்கள் எடுக்கவில்லை. தயவுசெய்து இன்றே அவனை அந்த மெஷினிலிருந்து இறக்குங்கள். தலைசுற்றல், வாந்தி என்றால் உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். டாக்டர் கடிதம் உங்களிடம்தான் இருக்கிறது. அண்ணனிடம் பேசப் பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தை அவர் முன்னால் வைத்துவிடுங்கள். என்னைத் திட்டட்டும், பரவாயில்லை. பிள்ளையை இறக்குங்கள்.

உங்கள் தம்பி மனைவி


மே 19

அன்புள்ள உனக்கு,

தம்பியும் குழந்தையும் நீயும் சுகமா? முறைக்காக இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே, நீ போன் செய்த அன்றைக்கே, துரை விழுந்துவிட்டான். நீ போன் செய்தது எனக்குத் தெரியும். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன், கை எடுக்கவில்லை.

அன்றைக்கு ஓட்டல்காரர்கள் அவசரம் என்று காலையிலேயே மெஷினைச் சூடாக்கிவிட்டார்கள். நான் முன்பக்கம் துணி பிரித்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் விரிப்புக் குவியல் மேல் கிடக்கிறான். முகம் செக்கச்செவேல் என்று இருக்கிறது. தொட்டேன், கையை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதிக்கிறது. "அம்மா, கால்ல தண்ணி ஊத்தும்மா" என்று மட்டும் முனகினான். நான் வாளியைத் தேடி ஓடினேன். கடைக்காரர் மூச்சு விடட்டும் என்று அவன் சட்டையைக் கழற்றினார். கழற்றியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க, தூக்குங்க!" என்று கத்தினேன்.

"இங்க பாருடி. காலையிலேருந்து ஆவியில நின்னிருக்கான். நான் வெளிய உள்ள போயிட்டு வர்றவன், என் சட்டை புழிஞ்சா ஊத்துது. இவன் சட்டை காஞ்சு கெடக்குதுடி. முதுகுகூட நனையல."

அவர் குரல் அப்படி ஆகி நான் கேட்டதில்லை.

பிள்ளையை ஐஸ் தண்ணீரில் துடைத்து, ஊசி போட்டு, சாயங்காலம் கண் திறக்க வைத்தார்கள். டாக்டரிடம் நீ அனுப்பிய கடிதத்தைக் கொடுத்தேன். மார்ச்சிலிருந்து அது என் கைப்பையில்தான் இருந்தது. தூக்கிப் போடவும் இல்லை, யாரிடமும் காட்டவும் இல்லை. ஏன் என்று கேட்காதே. உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் ரவிக்கையைத் துவைத்தவள் நான், தம்பியின் பள்ளிச் சட்டையைத் துவைத்தவள் நான். ஒன்றிலும் நான் கழுத்துப் பட்டையைக் கசக்கியதே இல்லை. தெரிந்ததை ஒத்துக்கொண்டால் பிள்ளைக்கு வியாதி என்று ஆகிவிடுமே என்று பயம்தான். சோம்பேறியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். சோம்பேறி சாக மாட்டானே.

அவனுக்கும் எனக்கும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர நாளாகுமாம். அவன் எட்டு வயசிலிருந்து கால் எரிகிறது என்று நர்ஸிடம் சொல்கிறான். "ஏண்டா என்கிட்ட சொல்லல?" என்றேன். "சொன்னேன்மா. நீ வாளி குடுத்த" என்றான்.

கடைக்காரர் மெஷினை அணைத்தவர், இன்னும் மறுபடி போடவில்லை.

தம்பியிடம் பக்குவமாகச் சொல். வாலுவுக்கு என் முத்தம்.

உன் அண்ணி


ஜூன் 12

அன்புள்ள உனக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். வெறும் ஆசையாகச் சொல்லவில்லை, வேண்டிக்கொள்கிறேன்.

முடிவு வந்துவிட்டது. துரைக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, என்னுடையது மெதுவாகப் போகிற வகையாம், இதயத்தை மட்டும் வருஷா வருஷம் பார்க்க வேண்டுமாம். துரைக்குச் சிறுநீரில் லேசாகப் புரதம் போகிறது, சிறுநீரகம் இன்னும் கெடவில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் டாக்டர். நாங்கள் எங்கே வந்தோம்? நீ பிடித்துத் தள்ளினாய், அவன் விழுந்தான், அப்புறம் வந்தோம். மருந்துக்கு அரசு உதவி கேட்டு மருத்துவமனையே எழுதிப் போட்டிருக்கிறது.

இப்போது நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

பரம்பரை நோய்களை விளக்கிச் சொல்வதற்கென்றே அங்கே ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். நல்ல பொறுமைசாலி. ஒரு தாளில் படம் போட்டாள். வட்டம் என்றால் பெண், சதுரம் என்றால் ஆண். மேலே அம்மாவுக்கு ஒரு வட்டம் போட்டுக் கறுப்படித்தாள். "அம்மாகிட்டேருந்து வர்றது பாதிக்குப் பாதி. உங்களுக்கும் வந்திருக்கு, உங்க தம்பிக்கும் வந்திருக்கு" என்று கீழே எனக்கொரு வட்டம், தம்பிக்கொரு சதுரம். என் வட்டத்துக்குக் கீழே துரையின் சதுரம். பிறகு கேட்டாள்.

"உங்க தம்பிக்குக் குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. ஏழு வயசு."

அவள் தம்பிக்குக் கீழே ஒரு வட்டம் போட்டாள். போட்ட கையோடு அதையும் கறுப்படித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, அந்தக் குழந்தைக்கு டெஸ்ட் எடுத்தியா? நீ பாட்டுக்குக் கறுப்படிக்கிறே? பாதிக்குப் பாதின்னுதானே சொன்னே?"

"அது அம்மாகிட்டேருந்து வந்தா மட்டுந்தாங்க. அப்பாவுக்கு இருந்தா பையனுக்கு வரவே வராது. பொண்ணுக்குக் கண்டிப்பா வரும். இதுல தப்பவே முடியாது."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இது உனக்கு முதல் நாளே தெரியும். பிப்ரவரியிலேயே தெரியும். உன் டாக்டரும் இதே படத்தைத்தானே போட்டிருப்பார். "உன் உடம்பில் ஒட்டவா போகிறது" என்று நான் எழுதினேன். அதைப் படித்துவிட்டு நீ "வாலு நன்றாக இருக்கிறாள்" என்று எழுதினாய். "வாலு சுகம்" என்று எழுதினாய். அந்தக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் அவளைப் பற்றிய வரி சுருங்கிக்கொண்டே வந்து, கடைசிக் கடிதத்தில் அவளே இல்லை. பல் முளைத்ததா என்று கேட்டேனே, அதற்குக்கூட நீ பதில் எழுதவில்லை. என் பிள்ளையை மெஷினிலிருந்து இறக்கச் சொல்லி எழுதினாய்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வரி போதுமே! ஓங்கி என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்திருக்கும், நான் வாயை மூடியிருப்பேன்.

அம்மாவைப் பற்றியும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நன்றாக இருந்தவர்கள் திடீரென்று விழுந்து போவதற்கு இந்த நோயில் இதயம் தடித்துப்போவது காரணமாக இருக்கலாம் என்றாள். உறுதியாக யார் சொல்ல முடியும், அம்மா போய்விட்டாள். ஆனால் நீ காரணம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்ல எனக்கு எந்த டாக்டரும் வேண்டியிருந்திருக்கக் கூடாது.

பதில் போடு. திட்டியாவது போடு.

உன் அண்ணி


ஜூன் 25

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் எல்லோருடைய உடம்பும் எப்படி இருக்கிறது? துரை நன்றாகத் தண்ணீர் குடிக்கிறானா? நீங்கள் அந்த இதயப் பரிசோதனைக்கு நாள் வாங்கினீர்களா? "அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்வது இங்கேயே கேட்கிறது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். பெரிய மனசு என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். முதலில் வீம்பு. என்னைக் குத்தியவரிடம் என் குழந்தையைக் காட்டிப் பரிதாபம் வாங்க மாட்டேன் என்ற வீம்பு. அதற்குப் பிறகு, எழுதக் கை வரவில்லை. உங்கள் தம்பியிடமே இன்னும் நான் அதை முழு வாக்கியமாகச் சொன்னதில்லை. தன் பரிசோதனை முடிவு வந்த அன்று அவர் வாலுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "நான் குடுத்துட்டேன்ல?" என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். மறுநாள் வழக்கம்போல் வேனை எடுத்தேன். கண்ணாடியில் பின்சீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் தெரிவார்கள், அவளும் அவர்களில் ஒருத்தி. அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு ஓட்டி, பழகின திருப்பத்தைத் தவறவிட்டேன். "ஆன்ட்டி வழி மறந்துட்டாங்க!" என்று வேனே கூத்தடித்தது. அவள்தான் பெரிதாகச் சிரித்தாள்.

பெண் குழந்தைகளுக்கு எவ்வளவு வரும், எப்போது வரும் என்று யாராலும் இப்போதே சொல்ல முடியாதாம். சிலருக்குக் கடைசிவரை ஒன்றுமே இருக்காதாம், சிலருக்கு அப்பா அளவுக்கு வருமாம். இப்போதைக்கு ஓடுகிறாள், வேர்க்கிறது, சண்டை போடுகிறாள். நடுநடுவே உள்ளங்கை எரிகிறது என்கிறாள். "எனக்கும் அப்பாவுக்கும் அத்தைக்கும் அத்தானுக்கும் ஒரே வியாதி, உனக்கு மட்டும் இல்லையே" என்று என்னைக் கேலி செய்கிறாள். தனியாக ஒதுக்கப்பட்டவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு பல் முளைத்துவிட்டது, கோணலாக.

அத்தையைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதேன். அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேச வேண்டாம். பேசினால் மறுபடி முட்டிக்கொள்வோம்.

துரைக்கு மருந்து தொடங்கும் நாளைச் சொல்லுங்கள். முதல் முறை குளிர் வரும், பயப்பட வேண்டாம் என்று அவன் மாமா சொல்லச் சொன்னார்.

உங்கள் தம்பி மனைவி


ஆகஸ்ட் 30

என் தங்கத்துக்கு,

உங்கள் மூவரின் நலனையும் இப்போது போனிலேயே தினம் கேட்டுவிடுகிறேன். அதனால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. போனில் நாம் நாலாவது வாக்கியம் தாண்டிவிட்டோம், கவனித்தாயா? கடைக்காரர் "போனை என்கிட்டக் குடுக்கவே மாட்டியா?" என்கிறார்.

துரைக்கு மூன்று முறை மருந்து ஏற்றியாகிவிட்டது. அந்த அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். பக்கத்து நாற்காலிக்காரரோடு சீட்டாடித் தோற்றுவிட்டு வருகிறான். இப்போது கடையில் முன்பக்க வேலை அவனுக்கு, மின்விசிறிக்கடியில். மெஷினுக்கு வேறு ஆள் வைத்தாயிற்று. கடைக்காரர் பிள்ளையோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. கோபம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை அந்த மனுஷனுக்கு. தினம் காலையில் ஒரு வாளி தண்ணீர் எடுத்துவந்து அவன் மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போகிறார். துரையும் காலை அதில் வைத்துக்கொள்கிறான். நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு பில் போடுகிறேன்.

என் இதயம் கொஞ்சம் தடித்திருக்கிறதாம். என் வாயைவிட அது பரவாயில்லை.

வாலுவைக் கூட்டிக்கொண்டு வா. வேனிலேயே வா.

உன் அண்ணி


பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லோரும் நலம்தானே. இங்கு நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பில்லில் சட்டை, கால்சட்டை என்று எழுதுவதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வெள்ளிக்கிழமை துரை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவுகிறேன் என்று ஏறினான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இறங்கி வந்து சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டான். சாயங்காலம் நான் வழக்கம்போல் கூடையைப் பிரித்தேன். காலரைத் திருப்பிப் பார்த்தேன். முதலில் என் கண்மேல்தான் சந்தேகம் வந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். பழுப்பாக மெல்லிசாய் ஒரு கோடு ஓடியிருக்கிறது. கழுத்து வளைவில் நடுவில் கொஞ்சம் அழுத்தமாக. முப்பது வருஷத் தொழில், எனக்குத் தெரியாதா? வேர்வைதான்.

மருந்தால் எல்லோருக்கும் இப்படி வருவதில்லை, வந்தாலும் கொஞ்சம்தான் வரும் என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் போதும்.

உன் அண்ணி சோப்பை எடுத்துக்கொண்டு வந்தாள், பழக்கம். நான் சட்டையைக் கொடுக்கவில்லை. துரை "அப்பா, என்னப்பா இது, அழுக்குச் சட்டையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்றான். நான் அவனிடம் சரியாகப் பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். "உன்னைத் தப்பாப் படிச்சிட்டேன்டா" என்றேன். "விடுங்கப்பா, காலருக்கு என்ன தெரியும்" என்றான்.

இந்த விஷயத்தில் முதலில் வாய் திறந்தவள் நீ. அதனால் முதலில் பார்க்க வேண்டியவளும் நீதான் என்று தோன்றியது. அந்தச் சட்டையைத் தாளில் சுற்றி இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் காட்டு. குழந்தைக்கும் காட்டி, அத்தானுடையது என்று சொல்.

பார்த்துவிட்டுத் துவைக்காமல் திருப்பி அனுப்பவும். அவனுக்கு இருப்பதிலேயே நல்ல வெள்ளைச் சட்டை அதுதான்.

உன் அண்ணன்